சிங்கப்பூரிலிருந்து கப்பல் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஏறி, மலாக்கா நீரிணை வழியே மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிளாங், தாய்லாந்தின் புக்கெட் என்று போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் நாங்கள் மூன்று முறை போயிருக்கிறோம். ஒருமுறை மனைவி, மகளோடு. ஒருமுறை அப்பா அம்மாவோடு. கடைசியாக அக்கா குடும்பத்தோடு. அதிலிருந்து கப்பலுக்குப் போகத் திட்டமிடும் தெரிந்தவர்கள் எல்லாம் எனக்கு ஃபோன் செய்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். இனிமேல் இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

எத்தனை இரவு போகலாம்?

மூன்று இரவுப் பயணத்தில் பினாங்கு அல்லது போர்ட் கிளாங் என ஒரே ஊர்தான் பெரும்பாலும் இருக்கும். நான்கு இரவு என்றால் பினாங்கும் புக்கெட்டும். ஐந்து இரவில் மூன்று ஊரையும் சேர்த்துவிடுவார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் நான்கு இரவைத்தான் சொல்வேன். மூன்று இரவில் கப்பலுக்குள் வழி பழகுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள்.

டிக்கெட் போட்டாயிற்று. அதற்குமேல் என்ன செலவு வரும்?

எல்லோரும் ஏமாறும் இடம் இது. விளம்பரத்தில் பார்க்கும் விலை, ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஆளுக்கு ஆகும் விலை. அதன்மேல் துறைமுகக் கட்டணமும் வரிகளும் சேரும். தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேருக்கான பணத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் கிராஜுவிட்டி. அறையைச் சுத்தம் செய்பவர், சாப்பாடு பரிமாறுபவர் ஆகியோருக்கான டிப்ஸ். நாமாகப் பார்த்துக் கொடுக்கும் டிப்ஸ் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை கணக்கில் தானாக ஏறும். குழந்தைக்கும் உண்டு. நான்கு பேர், நான்கு இரவு, ஆளுக்கு 18 டாலர் என்று போட்டால் 288 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்தாலே 25,920 ரூபாய். இதைத் தெரியாமல் கிளம்பி, கடைசி நாள் பில்லைப் பார்த்துக் கணவனும் மனைவியும் வரவேற்பு மேஜை முன்னாலேயே சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் போடும்போதே கட்டிவிடும் வசதி பெரும்பாலும் இருக்கும். கட்டிவிடுங்கள், மனதுக்கு நிம்மதி.

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. ஏறும்போது தரும் அட்டைதான் அறைச் சாவி, அடையாள அட்டை, பர்ஸ் மூன்றும். அதைத் தேய்க்கும்போது பணம் போகிற உணர்வே வராது. முக்கிய உணவகம், பஃபே, நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சிகள், குழந்தைகள் கிளப் எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். தனி உணவகங்கள், ஸ்பா, புகைப்படம், வீடியோ கேம் கூடம், கேசினோ, பாட்டில் தண்ணீர், காபிக் கடையில் வாங்கும் காபி எல்லாவற்றுக்கும் தனிப் பணம். குடிபானத்துக்கும் ஸ்பாவுக்கும் போட்ட விலைக்கு மேல் 18 சதவீதம் போலச் சேவைக் கட்டணமும் சேரும். 12 டாலர் என்று மெனுவில் இருப்பது பில்லில் 14.16 ஆக வரும்.

அக்கா மகனுக்கு அப்போது பதினொரு வயது. கேம் கூடத்தில் அவனுடைய அட்டையே வேலை செய்கிறது என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான். இரண்டு நாளில் 74 டாலர். அவனைத் திட்டி என்ன செய்வது, நாங்கள்தான் பார்த்திருக்க வேண்டும். ஏறிய உடனே வரவேற்பு மேஜைக்குப் போய், பிள்ளைகளின் அட்டையில் செலவு ஏறாதபடி அடைக்கச் சொல்லுங்கள். தினமும் இரவு கணக்கை ஆப்பில் அல்லது அறைத் தொலைக்காட்சியில் ஒருமுறை பாருங்கள். தவறாக ஏதாவது ஏறியிருந்தால் அன்றைக்கே போய்ச் சொன்னால் இரண்டு நிமிட வேலை. கடைசி நாள் காலையில் அதே மேஜை முன்னால் திருப்பதி வரிசை.

குடிபானப் பேக்கேஜ் வாங்கலாமா?

குடிக்காதவர்களுக்கு வேண்டாம். பஃபேயில் தண்ணீர், சாதாரணக் காபி, டீ இலவசம். குடிப்பவர்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊர் சுற்ற இறங்கும் நாளில் பாதி நேரம் கப்பலில் இருக்க மாட்டீர்கள், பேக்கேஜுக்கு மட்டும் முழு நாள் பணம். இன்னொரு சிக்கல்: மதுப் பேக்கேஜை ஒருவர் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. கணவர் குடிப்பதற்கு மனைவியும் பணம் கட்டும் விசித்திரம். பிள்ளைகள் சோடாவுக்கு அடம் பிடித்தால் சோடா பேக்கேஜ் தனியாகக் கிடைக்கும்.

எந்த கார்டு? ரூபாயில் கட்டலாமா?

பெரும்பாலும் கப்பல் கணக்கு அமெரிக்க டாலரில்தான். சாதாரண இந்தியக் கிரெடிட் கார்டு என்றால் வங்கி 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போடும். மாற்றுக் கட்டணம் குறைவாக இருக்கும் கார்டு ஒன்று கையில் இருப்பது நல்லது. ‘ரூபாயில் பில் போடட்டுமா’ என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வசதி போலத் தெரியும், விகிதம் நமக்குப் பாதகமாக இருக்கும். டெபிட் கார்டைப் பதிவு செய்யாதீர்கள். செலவுக்கு முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபடப் பல நாள் ஆகும். அதுவரை உங்கள் பணம் உங்களிடம் இருக்காது.

இந்தியாவில் ஏஜென்ட் மூலம் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அது கூடுதல் செலவு இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

ஃபோன், இன்டர்நெட்?

வைஃபை தனிக் காசு, அதுவும் ஒரு கருவிக்கு இவ்வளவு என்று. வீட்டுக்கு ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். முக்கியமானது இது: கப்பல் நகர்ந்ததும் ஃபோனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த மொபைல் சிக்னலை ஃபோன் பிடித்துக்கொள்ளும். நீங்கள் போட்ட ரோமிங் பேக்கில் அது பெரும்பாலும் அடங்காது. வரும் பில் நெஞ்சடைக்க வைக்கும்.

பால்கனி அறை எடுக்கலாமா?

இந்த வழியில் ஜன்னல் இல்லாத உள்ளறையே போதும் என்பது என் கட்சி. அறையில் இருக்கப்போவது தூங்கும் நேரம் மட்டும். கடலைப் பார்க்க மேல்தளத்தில் எவ்வளவோ இடம் இருக்கிறது. என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். காலையில் டீயோடு பால்கனியில் உட்கார்ந்து மலாக்கா நீரிணையில் வரிசையாகப் போகும் சரக்குக் கப்பல்களை எண்ணியதுதான் அவளுக்குப் பயணத்திலேயே பிடித்த விஷயம். அப்பா அம்மா மாதிரி அறையிலேயே அதிக நேரம் இருப்பவர்கள் கூட வந்தால் பால்கனிக்குச் செலவு செய்யலாம்.

விசா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம், அதுவும் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். கப்பலில் கிளம்பிப் போய்த் திரும்ப வருவது இரண்டாவது நுழைவு. இதைக் கவனிக்காமல் வந்தால் ஏறும் இடத்திலேயே தடுத்துவிடுவார்கள். மலேசியாவும் தாய்லாந்தும் 2023 இறுதியில் இந்தியர்களுக்கு விசா விலக்கு தந்தன. ஆனால் இந்த விலக்குகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் போடும்போது ஒருமுறை, கிளம்பும் வாரம் ஒருமுறை அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டை என்ற இணையப் படிவத்தைத் திரும்பி வரும்போதும் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்துதான் நிரப்ப முடியும் என்பதால் கப்பலில் இருக்கும்போது செய்ய வேண்டியிருக்கும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

சென்னையிலிருந்து இரவு விமானம் பிடித்து, காலையில் இறங்கி, அன்றைக்கே கப்பல் ஏறலாமா?

பலர் செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. ஒரு நாள் முன்னால் போய்விடுங்கள். லிட்டில் இந்தியாவில் தங்கினால் சாப்பாட்டுக்கும் கவலையில்லை. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மரினா பே முனையத்திலிருந்து கிளம்பும். பக்கத்து எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் மரினா சவுத் பியர். ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் இன்னொரு முனையம் இருக்கிறது, டிக்கெட்டில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடலாம். பாஸ்போர்ட், மருந்து, ஒரு மாற்றுடை, பிள்ளைகளின் நீச்சலுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

கப்பல் நிறுவனமே நடத்தும் ஊர்ச் சுற்றுலா நல்லதா, நாமே இறங்கிச் சுற்றலாமா?

ஊரைப் பொறுத்தது. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா விலை அதிகம். அதற்குக் கிடைக்கும் ஒரே பெரிய லாபம்: அவர்கள் பஸ் நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய் மாட்டினால் காத்திருக்காது. அடுத்த ஊருக்கோ சிங்கப்பூருக்கோ உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும்.

அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இது. கப்பல் கிளம்பும் நேரத்தை மறந்துவிட்டு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். அது கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முன்னால் இருக்கும். அதற்கும் ஒன்றரை மணி முன்னால் துறைமுகம் இருக்கும் ஊருக்குள் வந்துவிட வேண்டும். இப்படிக் கழித்த பிறகு மிஞ்சும் நேரத்தில் போக்குவரத்து பாதிக்குமேல் தின்றால், அந்த இடத்துக்குக் கப்பல் நிறுவனத்தின் பஸ். இல்லையென்றால் சொந்த நடை.

பினாங்கில் என்ன பார்க்கலாம்?

பினாங்குக்குச் சுற்றுலா வாங்குவது வீண் செலவு. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் 1786இல் வந்து இறங்கிய இடம் அந்தப் பகுதிதான். அங்கிருந்து பத்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. பாட்டுக் கடைச் சத்தமும் மல்லிகைப்பூ வாசமும் வந்துவிட்டால் சரியான தெருதான். குவீன் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833இல் கட்டியது. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், கப்பல் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. பழைய நகரம் முழுவதும் 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

சாப்பாடு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோளில் காவடி போலத் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதிலிருந்து வந்தது. அந்தக் காவுதடிக்குத்தான் மலாயில் கண்டார் என்று பெயர். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், தனித்தனியாக வாங்கினால் சுவை வராது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். கப்பலில் இலவசச் சாப்பாடு இருக்கிறதே என்று பசியோடு திரும்பிவிடாதீர்கள், முதல்முறை நாங்கள் செய்த தப்பு அது.

நேரம் இருந்தால் தண்ணீர்மலை முருகன் கோயில், 500க்கும் மேற்பட்ட படிகள். ஆப்பில் அழைக்கும் கிராப் வாடகைக் கார் எடுத்தால் போதும். பினாங்கு மலை ரயில் அருமைதான், ஆனால் விடுமுறை நாளில் வரிசை நீளும். கப்பல் பயணிக்கு அது சூதாட்டம். பழைய நகரத்துக்குள் சுற்ற காட் என்ற இலவசப் பஸ் ஓடுகிறது.

போர்ட் கிளாங்கிலிருந்து பத்து மலைக்குப் போக முடியுமா?

முடியும். ஆனால் இது வேறு கதை. கப்பல் முனையம் இருப்பது புலாவ் இண்டா தீவில், ரயில் நிலையம் இருக்கும் போர்ட் கிளாங் ஊரில் இல்லை. வரைபடத்தைப் பார்த்து ‘கேடிஎம் ரயிலில் போய்விடலாம்’ என்று முடிவு செய்தவர்கள் முனைய வாசலில் முழித்துக்கொண்டு நிற்பார்கள். கோலாலம்பூர் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல், நெரிசலில் இன்னும் கூடும். பத்து மலை அதற்கும் வடக்கே. 272 படி ஏறி இறங்க, 42.7 மீட்டர் முருகன் சிலை முன்னால் படம் எடுக்க, இளநீர் குடிக்க ஒன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள். பத்து மலையும் இரட்டைக் கோபுரமும் இரண்டும் வேண்டும் என்றால் கப்பல் நிறுவனத்தின் பஸ்ஸை எடுங்கள். அப்பா அம்மாவோடு போனபோது அப்படித்தான் போனோம். திரும்பும் வழியில் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் நின்றோம், ஆனால் ஒருவருக்கும் பதற்றமில்லை.

புக்கெட்டில் படகில் இறக்குவார்களாமே?

ஆமாம், பத்தோங் கடற்கரைக்கு எதிரே கப்பல் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் என்கிற சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்புவது வழக்கம். வரிசை எண் சீட்டு கொடுப்பார்கள். நிறுவனத்தின் சுற்றுலா வாங்கியவர்களுக்கு முன்னுரிமை. உங்கள் முறை வர ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அதையும் கணக்கில் வையுங்கள். கடைசி டெண்டர் எத்தனை மணிக்கு என்பதுதான் உங்களுக்கு முக்கியம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு டெண்டர் ஏறுவது சிரமம், சில நேரம் அனுமதிக்கவும் மாட்டார்கள்.

இங்கே ஒரு கடிகாரப் பொறி இருக்கிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசியாவைவிட ஒரு மணி பின்னால். கரையில் உங்கள் ஃபோன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், ‘இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது’ என்று நீங்கள் இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கடைசிப் படகு போயிருக்கும். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று இறங்குமுன் கேளுங்கள். கையில் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டி அதைக் கப்பல் நேரத்தில் வையுங்கள்.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். கடற்கரையில் சிவப்புக் கொடி இருந்தால் குளிக்கக் கூடாது. அலை அதிகமென்றால் டெண்டரே ஓடாது, கப்பல் அந்த ஊரை விட்டுவிட்டுப் போய்விடும். புக்கெட்டுக்காகவே போகிறீர்கள் என்றால் நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் போங்கள். பாங்-ஙா வளைகுடாத் தீவுகளுக்கு முழுநாள் வேண்டும், அதற்கு நிறுவனச் சுற்றுலாதான். மற்றபடி புக்கெட் பழைய நகரத்துக்கு ஒரு கார் பேசிக்கொண்டு போய் வரலாம். விலையை ஏறுமுன் பேசுங்கள்.

வாந்தி வருமா?

சுமத்ரா தீவு பெரும்பாலும் காற்றை மறைத்துக்கொள்வதால் மலாக்கா நீரிணை அமைதியான கடல். புக்கெட்டை நெருங்கும்போதுதான் கொஞ்சம் ஆட்டம் தெரியும். பயம் என்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். மாத்திரையை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்தால் அதுவும் டாலர் பில். பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணம் அதில் அடங்குமா என்று கேட்டு எடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியர்கள் நிறைய. பஃபேயில் பருப்பு, சப்பாத்தி, ஏதாவதொரு காய் தினமும் இருந்தது. வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இட்லி எதிர்பார்க்காதீர்கள். பொடி, ஊறுகாய் போன்ற கடையில் வாங்கிய பொட்டலங்களைக் கொண்டு போகலாம். வீட்டில் கட்டிய புளியோதரை வேண்டாம். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் எதுவும் கூடாது, ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தை?

பயணம் முடியும் நாளில் கர்ப்பம் 24 வாரத்தைத் தொடக்கூடாது, குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும் என்பது பரவலான விதி.

சென்னையிலிருந்தே கப்பல் இருக்கிறதே?

2022 ஜூனில் கோர்டேலியா நிறுவனம் சென்னையிலிருந்து எம்ப்ரஸ் கப்பலைத் தொடங்கியது, பிறகு இலங்கைத் துறைமுகங்களுக்கும் போனது. ஆண்டு முழுவதும் ஓடாது, சில மாதங்கள் மட்டும். 1990இல் கட்டிய, சிறிய கப்பல். விமானச் செலவு மிச்சம், சாப்பாடு நம் நாக்குக்கு ஏற்றது. ராட்சதக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

பாதுகாப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

போக வேண்டும். இத்தாலியில் 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். புதிதாக ஏறியவர்களில் பலர் அப்போது பயிற்சியே முடித்திருக்கவில்லை. கிளம்புவதற்கு முன்பே பயிற்சி முடிய வேண்டும் என்ற விதி அதன் பிறகு இறுக்கமானது. இப்போது ஃபோனில் வீடியோ பார்த்துவிட்டு ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்தில் தலையைக் காட்டினால் போதும், கால் மணி நேரம்கூட ஆகாது.

கடைசி நாள் என்ன நடக்கும்?

முதல்நாள் இரவே பெட்டியில் பட்டை கட்டிக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்துவதை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு கட்டுங்கள். எங்கள் அப்பா வேட்டி சட்டை எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டு, காலையில் பைஜாமாவோடுதான் சிங்கப்பூர் குடிநுழைவு வரிசையில் நின்றார். இறங்குவது காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள். விமானத்தை மதியம் இரண்டுக்கு மேல் போடுங்கள். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்கப்பூரில் மதுவுக்கு வரிவிலக்கு கிடையாது. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் கிடையாது. கப்பல் கடையில் வாங்கும்போதே இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.